பட்டா தாத்தா பெயரில், வயலில் வேறொருவர்: நிலம் யாருடையது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால் பாசனத்தில் உங்கள் தாத்தா பெயரில் 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை. தாத்தா 1994-ல் காலமாகிவிட்டார். அவர் இருக்கும்போதே ஒரு குடும்பம் அதில் பயிர் வைத்துவந்தது. முதலில் அப்பா, இப்போது மகன். எழுத்து என்று ஒன்றும் கிடையாது. பிசான (ஐப்பசி மழையை நம்பிய போகம்) அறுப்பு முடிந்ததும் இரண்டு மூட்டை நெல் வீட்டுக்கு வரும், ஆறு வருஷமாக அதுவும் வருவதில்லை. நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். "40 வருஷம் அனுபவித்துவிட்டான், நிலம் அவனுக்கே சொந்தமாகிவிடுமா? பட்டா எங்களிடம் இருக்கும்போது அவனைக் காலிசெய்துவிட்டு விற்க முடியாதா?" இதுதானே கேள்வி?

பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நிலம் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. நிலத்தில் இறங்கிப் பயிர் வைக்க யாருக்கு உரிமை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் அநேகமாக உங்கள் பக்கம். இரண்டாவதற்குப் பதில் அநேகமாக அவர் பக்கம். நடுவில் நீங்கள் பெரிதாக நம்பிக்கொண்டிருக்கும் பட்டா, இரண்டுக்குமே முழுப் பதில் ஆகாது.

நான் நில அளவையில் சேர்ந்து, வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். வேலை பார்த்ததெல்லாம் தாமிரபரணிக் கரையை ஒட்டிய வட்டங்களில்தான். வக்கீல் இல்லை. உங்கள் பத்திரத்தையும் நான் பார்க்கவில்லை. ஆகவே சட்டம் இன்னது என்று சொல்லும் இடத்தில் உறுதியாகச் சொல்வேன். உங்கள் வயலுக்கு அது எப்படிப் பொருந்தும் என்ற இடத்தில் 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும்.

பட்டாவிலிருந்து தொடங்குவோம். தீர்வையை, அதாவது நில வரியை, யாரிடம் வசூலிப்பது என்று சர்க்கார் எழுதி வைத்துக்கொண்ட கணக்குதான் பட்டாவின் பிறப்பு. ரயத்துவாரி முறையில், அதாவது இடையில் ஜமீன்தார் இல்லாமல் சர்க்காரே நேராக வரி வாங்கும் முறையில், ஒவ்வொரு ரயத்தின் (நிலம் வைத்திருக்கும் குடியானவரின்) பெயரையும் எழுதி, அவர் செலுத்த வேண்டியதைக் குறித்தார்கள். அந்தக் கணக்கு நாளடைவில் சொத்துரிமைக்கு அடையாளம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. மூலப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில், வாரிசுரிமை, இவைதான் உரிமையைக் கொண்டுவருபவை. பதிவு அலுவலகமும் உங்கள் உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை, பத்திரம் எழுதிக்கொண்டதைத்தான் பதிந்து வைக்கிறது. நம் நாட்டில் 'இவரே உரிமையாளர், இதற்கு மேல் பேச்சில்லை' என்று அரசு கையெழுத்திட்டுத் தரும் காகிதம் ஒன்றுமே கிடையாது. அதனால்தான் ஒரு வயலுக்கு இத்தனை காகிதம் தேட வேண்டியிருக்கிறது.

பட்டாவை நம்பும் முன்னால் அது எப்போது எழுதப்பட்டது என்று பாருங்கள். இன்றைக்குக் கணினியில் வரும் பட்டாவுக்கு அடிப்படை 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். எங்கள் ஆபீஸ் பேச்சில் யூ.டி.ஆர். அந்தக் காலத்தில் வீடு வீடாக, வயல் வயலாகப் போய்ப் பெயர்களைப் புதுப்பித்தார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே, 1980 நவம்பரில், ஊர்க் கணக்கையும் வரி வசூலையும் பார்த்த பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தது. ஒழித்தது சரியா தப்பா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஊரில் எந்த மடை யாருடையது, யார் யாருக்குப் பாட்டம் (குத்தகை நெல்) அளக்கிறார் என்பதை மனப்பாடமாக வைத்திருந்த மனிதர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள், புதிதாக வந்தவர்கள் வயலில் நின்றவரைக் கேட்டு எழுதினார்கள். உழுதவர் பெயர் பட்டாவில் ஏறியதும் உண்டு, ஊரில் இல்லாத உரிமையாளர் பெயர் விட்டுப்போனதும் உண்டு. எங்கள் குடும்ப வயல் ஒன்றிலேயே பக்கத்து வயல்காரர் பெயர் விழுந்துவிட்டது. நான் அதே துறையில் இருந்தும் சரிசெய்ய ஒன்பது வருஷம் ஆனது. கோப்பு இரண்டு தடவை காணாமல் போனது. ஆகவே யூ.டி.ஆருக்கு முந்தைய நிலவரிப் பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு யார் பெயர் இருக்கிறது என்று நகல் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் தாத்தா அல்லது அவர் தகப்பனார் பெயர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பத்திரத்தில் 1.40 ஏக்கர் இருக்க, பட்டாவில் 0.56.50 என்று இருக்கிறது, மீதி எங்கே என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் போகவில்லை. ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாற்றியதில் அரை சென்ட் போல முழுமைப்படுத்தியிருக்கிறார்கள். 0.56.50 என்றால் 56.50 ஏர், அது ஏறத்தாழ 139.6 சென்ட். மூலப் பத்திரம் இன்னும் பழையதாக இருந்து அதில் 'இத்தனை மரக்கால் விதைப்பாடு' என்று, விதைக்க வேண்டிய நெல்லின் அளவால் நிலத்தைக் குறித்து எழுதியிருந்தால் அதைப் பெருக்கிப் பார்த்துப் பதற வேண்டாம். விதைப்பாட்டுக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். நான்கு எல்லையைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை நஞ்சையில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். பழைய இனாம்களும் (அந்தக் காலத்தில் மானியமாகக் கொடுத்த நிலங்கள்) உண்டு. சில இனாம்களில் மேல்வாரம் (வரியாக வரும் பங்கு) மட்டும் இனாம்தாருக்கு, குடிவாரம் (நிலத்தை வைத்துப் பயிரிடும் உரிமை) பயிரிட்டவருக்கு. சிலவற்றில் இரண்டும் ஒருவருக்கே. 1963-ஆம் வருஷத்து இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தபோது இதையெல்லாம் விசாரித்துத்தான் யாருக்கு ரயத்துவாரிப் பட்டா என்று முடிவுசெய்தார்கள். உங்கள் தாத்தாவுக்கு அப்படி வந்த பட்டா என்றால் அந்த நிலவரித் திட்ட உத்தரவின் நகல் தங்கம் மாதிரி. அது வெறும் தீர்வைக் கணக்கு இல்லை, விசாரித்துக் கொடுத்த தீர்ப்பு. மாறாக, அ-பதிவேட்டில் (ஒவ்வொரு புல எண்ணுக்கும் வகை, பரப்பு, பெயர் எழுதிய ஊர்ப் பதிவேடு) தேவஸ்தானம் என்று குறிப்பு இருந்தால் கதையே வேறு. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, எத்தனை வருஷ அனுபவமும் அங்கே செல்லாது. நீங்கள் உரிமையாளர் என்று நினைத்துக்கொண்டிருப்பது கோயிலிடமிருந்து எடுத்த மேல் குத்தகையாகவே இருக்கலாம். இதை நான் ஒரு டஜன் குடும்பங்களிலாவது பார்த்திருக்கிறேன்.

சரி, நிலம் தாத்தாவுடையது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது 'உங்களுடையது' ஆகிவிடாது. நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மற்ற சமயத்தவருக்கு வாரிசுச் சட்டம் வேறு. தாத்தா சுயமாக வாங்கிய நிலம், உயில் எழுதவில்லை என்றால் 1956-ஆம் வருஷச் சட்டப்படி பாட்டி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. பரம்பரைச் சொத்து என்றால் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்த திருத்தங்கள் மகளைப் பிறப்பால் பங்காளி ஆக்கின. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. "அத்தைகளுக்கு நகை போட்டுச் சீர் செய்தாச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். சீர் பங்கு ஆகாது. அத்தைகள் கையெழுத்து இல்லாமல் நீங்கள் எழுதும் கிரையம் உங்கள் பாகத்துக்குத்தான் செல்லும். முதலில் வாரிசுச் சான்று, அப்புறம் கூட்டுப் பட்டா, அப்புறம்தான் பேச்சு.

இனி 40 வருஷக் கேள்வி. எதிரிடை அனுபவத்துக்கு, அதாவது அடுத்தவர் நிலத்தை நெடுநாள் வைத்திருந்தே உரிமையாக்கிக்கொள்வதற்கு, 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டம் சொல்வது 12 வருஷம். ஆனால் வெறுமனே 12 வருஷம் இருந்தால் போதாது. உரிமையாளருக்கு விரோதமாக, 'இது என் நிலம்' என்று வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும். பாட்டத்துக்கு வந்தவர் உரிமையாளரின் சம்மதத்தோடு வந்தவர். அவர் 40 வருஷம் இருந்தாலும் குத்தகைதாரர்தான். நெல் அளப்பதை நிறுத்தியதால் மட்டும் அந்த இருப்பு விரோதமாகிவிடாது. ஆக, நிலம் அவருக்குச் சொந்தமாகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது: அவர் பாட்டத்துக்குத்தான் வந்தார் என்பதற்கு உங்களிடம் என்ன சாட்சி? இரண்டு மூட்டைக்கு ரசீது உண்டா? நாளைக்கே அவர் "உங்கள் தாத்தா எங்கப்பாவிடம் பணம் வாங்கிக்கொண்டு வாய்மொழியாகக் கொடுத்துவிட்டார்" என்று சொன்னால்? அந்தப் பேச்சால் சொத்து கைமாறாது, ஆனால் வழக்கு பதினைந்து வருஷம் ஓடும். தாத்தாவின் பழைய டைரி, கடிதம், தீர்வை ரசீது எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

அடுத்ததுதான் நீங்கள் கேட்க விரும்பாதது. 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தன் உடலுழைப்பாலோ தன் குடும்பத்தார் உழைப்பாலோ அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுபவரை நினைத்தபோது எழுப்ப முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை, நடைமுறையில் விளங்கினாலே போதும். அவர் இறந்தால், உழைத்துப் பயிரிடும் வாரிசு தொடரலாம். குத்தகை பாக்கி, நிலத்தைக் கெடுப்பது, விவசாயம் தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, உரிமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பது, இப்படிச் சில காரணங்களுக்கு மட்டும்தான் வெளியேற்றம். அதுவும் வருவாய் நீதிமன்றத்தின் வழியாகத்தான். பாக்கி என்று போனால், கட்ட அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். 1969-ஆம் வருஷச் சட்டப்படி வைத்திருக்கும் குத்தகை உரிமைப் பதிவேட்டில் அவர் அப்பா பெயர் ஏறியிருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். ஏறியிருந்தால் அவர் நிலை மிகவும் வலுவானது. ஏறாவிட்டாலும் அவர் ஒன்றுமில்லாதவர் ஆகிவிடமாட்டார், இன்றைக்கும் விண்ணப்பிக்கலாம்.

எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று வருஷா வருஷம் எழுதும் அடங்கலையும் பாருங்கள், ஆனால் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். அடங்கலில் சில வருஷம் தரிசு என்று இருப்பதைக் காட்டி, "அவன் பயிரே வைக்கவில்லை" என்று வாதாடலாம் என உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தாமிரபரணிப் பாசனம் தெரிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். இங்கே கார் போகம் தென்மேற்குப் பருவத்தை நம்பி ஜூனில் தொடங்குவது, பிசானம் ஐப்பசி மழையை நம்பியது. பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்த வருஷம் காருக்கு எல்லா மடைக்கும் தண்ணீர் விடமாட்டார்கள், கடைமடைக்காரர் சும்மா போட்டுவிட்டு இருப்பார். அது தரிசு, கைவிட்டது அல்ல. விசாரணையில் உட்காரும் அதிகாரிக்கு இது தெரியும்.

உண்மையில் சந்தேகத்துக்கு இடமுள்ளது அந்த 'உடலுழைப்பு' என்ற இடம்தான். இப்போது நடவுக்குக் கூலி ஆள், அறுப்புக்கு மிஷின், மருந்தடிக்கக்கூட வாடகை ஆள். மகன் திருநெல்வேலியில் கடை வைத்துக்கொண்டு வயலை இன்னொருவருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தால் அவர் சாகுபடிக் குத்தகைதாரர் என்ற பாதுகாப்பை இழக்கலாம். கூலி ஆள் வைத்தாலும் தானும் இறங்கி வேலை செய்கிறார் என்றால் பாதுகாப்பு உண்டு. இது ஊரில் போய் விசாரித்தால் தெரியுமே தவிர, சென்னையிலிருந்து தெரியாது.

'இரண்டு மூட்டை' பற்றியும் ஒரு வார்த்தை. நியாயக் குத்தகைச் சட்டம் 1956-ல் வந்தது. இப்போதைய கணக்கு விளைச்சலில் உரிமையாளருக்கு 25 சதவீதம், பயிரிடுபவருக்கு 75. ஏக்கருக்கு 28 மூட்டை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட உங்கள் வயலில் ஒரு போகத்துக்குக் கால் பங்கு பத்து மூட்டைக்குக் கிட்டே வருகிறது. இத்தனை வருஷம் இரண்டு மூட்டை வாங்கிக்கொண்டு யாரும் பேசாமல் இருந்திருக்கிறீர்கள். ஆக, அது குத்தகையா, மரியாதைக்குக் கொடுத்ததா என்று அவரும் குழம்பியிருக்கலாம். இனி வரும் போகத்துக்கு முறையான குத்தகை கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் கொடுத்தால் குத்தகை உறவு எழுத்தில் வந்துவிடும், உங்கள் உரிமைக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. 'நிலமே என்னுடையது' என்று பதில் எழுதினால் அந்த மறுப்பே வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகிறது.

அவர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். அவர் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பாருங்கள். கேள்வி முழுவதிலும் 'அவன்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் உதவாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1970 ஜனவரி முதல் தேதியோடு குத்தகைதாரரையே உரிமையாளர் ஆக்கினார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. இந்தப் பக்கம் சேராமல் இருந்திருந்தால் அங்குள்ள பாட்டக்காரர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள். நம் ஊரில் வேறு வழியில் போனோம். நில உச்சவரம்பு 1961 சட்டப்படி ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), பிறகு 1970-ல் 15. குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு கொடுத்தோம், உரிமை கொடுக்கவில்லை. விளைவு, உரிமையாளர் பயந்துபோய் எழுத்தில் குத்தகை கொடுப்பதே இல்லை. எழுத்து இல்லாததால் உழுகிறவருக்குப் பயிர்க்கடன் இழுபறி, கொள்முதல் நிலையத்தில் நெல் போட சிட்டா, அடங்கலுக்கு உரிமையாளரிடம் கெஞ்சல், வெள்ளம் வந்தால் நிவாரணத்தில் தகராறு. பிரதமர் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் வருகிறதே, அதுவும் நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்குத்தான், பாட்டத்துக்கு உழுகிறவருக்கு இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். வாங்கினால், அவர் ஆறு வருஷமாக நெல் அளக்காததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். காலம் ஒத்துப்போகிறது பாருங்கள்.

விற்க முடியுமா? முடியும். குத்தகைதாரர் இருக்கும் நிலத்தை விற்கத் தடையில்லை. ஆனால் வாங்குபவர் குத்தகைதாரரோடு சேர்த்துத்தான் வாங்குகிறார், அவரையும் அதே சட்டம் கட்டும். அதனால்தான் உங்களுக்குச் சொன்ன விலை பக்கத்து வயல் விலையில் பாதியாக இருக்கிறது. தரகர் ஏமாற்றவில்லை. 'ஜேசிபி விட்டு வரப்பைத் தட்டிவிட்டால் போய்விடுவான்' என்று அதே தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைமட்டும் செய்யாதீர்கள். பயிர் நிற்கும் வயலில் மண்வெட்டி வைத்தால் குற்ற வழக்கு உங்கள்மேல் வரும், அதுவரை பேசத் தயாராக இருந்த மனிதர் விவசாயச் சங்கத்துக்கும் வக்கீலிடமும் போய்விடுவார்.

எங்கள் பக்கம் இந்த மாதிரி விவகாரம் முடிவதெல்லாம் பெரும்பாலும் பேச்சில்தான். ஒன்று, அவரே வாங்கிக்கொள்வார், சந்தை விலையில் கழித்து. அல்லது விற்ற பணத்தில் அவருக்கு ஒரு பங்கு. சட்டம் விகிதம் எதுவும் சொல்லவில்லை. கால் பங்கிலிருந்து பாதி வரை முடித்ததைப் பார்த்திருக்கிறேன். சில இடத்தில் நிலத்தையே வகிர்ந்து, மடைப் பக்கம் உள்ள 40, 50 சென்ட்டை அவர் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மீதியை வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். பணம் கரைந்துபோகும், அவருக்குத் தெரிந்த தொழில் அந்த மண்ணில்தான். எப்படி முடித்தாலும் வெள்ளைக் காகிதத்தில் கைநாட்டு வாங்காதீர்கள். குத்தகை உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பதிவுசெய்த பத்திரம், அவரோடு உழைக்கும் குடும்பத்தாரின் கையெழுத்து, பதிவேட்டில் பெயர் இருந்தால் வட்டாட்சியர் முன்னிலையில் நீக்க உத்தரவு, இந்த மூன்றும் வேண்டும். இதை எழுத உள்ளூர் வக்கீல் ஒருவர் கட்டாயம் வேண்டும், நான் சொல்வது போதாது.

நேரில் போகும்போது தரகரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அத்தை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் அப்பாவை அத்தைக்குத் தெரிந்திருக்கும். "அண்ணாச்சி, தாத்தா காலத்துக்கு அப்புறம் நாங்க வராதது எங்க தப்பு" என்று ஆரம்பித்தால் பாதி இறுக்கம் தளரும். பிசான அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் போவது நல்லது. நடவுக்கு ஆள் தேடி அலையும் சமயத்தில் நிலத்தைப் பற்றிப் பேசினால் யாருக்கும் காது கேட்காது.

அதற்குள் அ-பதிவேட்டுக் குறிப்பு, யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டு நகல், கடைசி ஐந்து வருஷ அடங்கல், 1975-லிருந்து வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்துவிடுங்கள். அடங்கலில் பயிரிடுபவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன். புல எண்ணையும் ஆட்களின் பெயரையும் பொதுவில் போட வேண்டாம்.